பஸ் மேடு ஏறுனா கிராஃப்ல கோடும் மேல ஏறணுமா? 9-ம் கிளாஸ் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் குடுக்க?

புளியரை_தையல்

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு புளியரை, செங்கோட்டை தாண்டி கேரளா பார்டர் பக்கம். நான் வீட்ல மெஷின் போட்டு துணி தைக்கேன், படிச்சது பத்தாங்கிளாஸ் வரைக்கும்தான். மூத்தவ இப்ப 9-ம் கிளாஸ், தமிழ் மீடியம். சயின்ஸ்ல இயக்கம்னு ஒரு பாடம் இருக்கு, அதுல தொலைவு–காலம் வரைபடம், திசைவேகம்–காலம் வரைபடம்னு வருது. ஸ்கூல்ல "நீ போன ஒரு பயணத்தை தொலைவு–காலம் வரைபடமா வரைஞ்சுட்டு வா"ன்னு ஹோம்வொர்க் குடுத்திருக்காங்க. இவ செங்கோட்டையில பஸ் ஏறி கழுதுருட்டியில இருக்க அவ அத்தை வீட்டுக்குப் போனதை வரைஞ்சா.

எப்படி வரைஞ்சான்னா, செங்கோட்டையில இருந்து புளியரை வரைக்கும் சமதளம்தான, அதனால ஒரு படுக்கைக் கோடு. அப்புறம் மலை ஆரம்பிக்குதுன்னு கோட்டை மேல ஏத்தி, எங்கூரு எஸ் வளைவு வருதுல்லா, அங்க கோட்டையும் எஸ் மாதிரியே வளைச்சு விட்டுட்டா, கோட்டைவாசல்ல உச்சி, அங்கருந்து ஆரியங்காவுக்குக் கீழ இறக்கிக் கொண்டு போயிட்டா. பாக்க அழகாத்தான் இருந்துச்சு, நானே நல்லா இருக்குட்டின்னு சொல்லி அனுப்பி வச்சேன். ஸ்கூல்ல செவப்பு மையில முழுசா அடிச்சுட்டாங்க, ஏன் தப்புன்னு ஒரு வார்த்தை எழுதல. பிள்ளை வந்து அழுதா. "பஸ் மேலதானம்மா ஏறிச்சு, கோட்டை மேல ஏத்துனா ஏன் தப்பு?"ன்னு கேக்கா. எனக்கும் பதில் தெரியல, அதுதான் மனசு கஷ்டமா இருக்கு.

இன்னொண்ணு. திசைவேகம்–காலம் வரைபடத்துல கோட்டுக்குக் கீழ இருக்க பரப்பளவுதான் தூரம்னு புக்குல போட்டிருக்கு. பரப்பளவு எப்படிங்க தூரம் ஆகும்? நான் தினம் துணி வெட்டுதவ, எனக்குப் பரப்புன்னா நீளம் அகலம், எவ்வளவு துணி பிடிக்கும்னு தான். தூரம்னா டேப்புல அளக்குறது. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்னு தெரிஞ்சவங்க கொஞ்சம் நிதானமா சொல்லுங்க, பரீட்சைக்கு மட்டும் இல்ல, அவளுக்கு உண்மையாவே புரியணும்.

தென்காசி_ட்யூஷன்_அக்கா

அம்மா, முதல்ல பிள்ளைகிட்ட அழக்கூடாதுன்னு சொல்லுங்க. பதினாலு வருஷமா ட்யூஷன் எடுக்கேன், இந்தப் பாடம் வரும்போதெல்லாம் பாதிப் பிள்ளைங்க இதே மாதிரிதான் வரையுங்க, அதுலயும் மலை ஓரத்து ஊர்ப் பிள்ளைங்கன்னா கண்டிப்பா வரையும், ஏன்னா கிராஃப்ல ஒரு கோடு மேல போனதும் அதுகளுக்கு மலைதான் ஞாபகம் வரும். அவ வரைஞ்சது ரோட்டோட படம். அதை ஒரேயடியா தப்புன்னு அடிக்க வேண்டியதில்ல, அடியில இருக்க கோட்டுல தூரம், பக்கத்துல இருக்க கோட்டுல உயரம்னு எழுதியிருந்தா எஸ் வளைவை மட்டும் எடுத்துட்டு முழு மார்க் குடுத்துருவேன். அவகிட்ட கேட்டது வேற. எத்தனை மணிக்கு எவ்வளவு தூரத்துல இருந்தன்னு கேட்டிருக்காங்க. மேடு பள்ளம் வளைவு எதையும் அந்தத் தாள் கேக்கவே இல்ல.

இப்ப அவ வரைஞ்ச கோட்டையே தொலைவு–காலம்னு நினைச்சு அவளையே வாசிக்கச் சொல்லுங்க, தானா புரிஞ்சுரும். முதல்ல படுக்கைக் கோடு போட்டிருக்கா. நேரம் வலது பக்கமா ஓடிக்கிட்டே இருக்கு, தூரம் மட்டும் ஏறவே இல்ல. அப்படின்னா பஸ் என்ன பண்ணிச்சு? செங்கோட்டை பஸ் ஸ்டாண்ட்லயே நின்னுச்சு! சமதளத்துல ஓடுன பஸ்ஸை அவ நிப்பாட்டி வச்சிருக்கா. கடைசியில ஆரியங்காவுக்கு இறங்குற கோடு இருக்குல்லா, அது செங்கோட்டையில இருந்து உள்ள தூரம் குறையுதுன்னு சொல்லுது, அதாவது பஸ் திரும்பி ஊரைப் பாத்து வந்துட்டு இருக்கு. எஸ் வளைவுதான் ரொம்ப விசேஷம். அந்த எஸ்ல கோடு ஒரு இடத்துல இடது பக்கமா திரும்பும் பாருங்க, இடது பக்கம்னா முந்துன நேரம். ஒரு ஸ்கேலை நேரா நிறுத்தி வச்சுப் பாத்தா அந்த எஸ்ஸை மூணு இடத்துல தொடும், அப்ப ஒரே நிமிஷத்துல அந்த பஸ் மூணு இடத்துல இருந்திருக்குன்னு ஆயிடும். இதைச் சொன்னதும் எங்கிட்ட படிக்கிற பிள்ளைங்க கெக்கெக்கேன்னு சிரிக்கும், அப்புறம் ஜென்மத்துக்கும் அந்தத் தப்பு பண்ணாது.

அதனால அவ ஞாபகம் வச்சுக்க வேண்டியது கோடு எவ்வளவு சாஞ்சிருக்குங்கறதுதான். நிமிந்து நின்னா வேகம் அதிகம், படுத்துக்கிட்டா வேகம் கம்மி, முழுசா படுத்துட்டா நின்னுருச்சு. எங்க பஸ் மெதுவா போகும்? மலையில. அப்ப ரோடு செங்குத்தா ஏறுற இடத்துலதான் கிராஃப்ல கோடு நல்லா சரிஞ்சு படுக்கும். அவ வரைஞ்சதுக்கு நேர் எதிர்.

பரப்பு விஷயத்துக்கு உங்க மெஷினே போதும்மா. மோட்டார் போட்ட மெஷின்தான? நிமிஷத்துக்கு 600 தையல் போடுதுன்னு வைங்க. ஒரே வேகத்துல 2 நிமிஷம் ஓட்டுனா எத்தனை தையல்? 1200. இப்ப கிராஃப் தாள்ல அடியில நிமிஷம், பக்கத்துல நிமிஷத்துக்கு எத்தனை தையல்னு போட்டுக்கோங்க. கோடு 600-ல படுக்கையா 2 நிமிஷம் வரைக்கும் போகும். அதுக்குக் கீழ ஒரு செவ்வகம் இருக்கு, அகலம் 2, உயரம் 600, பெருக்குனா 1200. அந்தச் செவ்வகத்தோட பரப்பு உங்களுக்குத் தையல் எண்ணிக்கை. துணியில ரெண்டு பக்கமும் மீட்டர், அதனால பெருக்குனா சதுர மீட்டர் வருது. இங்க ஒரு பக்கம் நிமிஷம், இன்னொரு பக்கம் நிமிஷத்துக்கு இத்தனை, பெருக்கும்போது நிமிஷமும் நிமிஷமும் அடிபட்டுப் போயிருது, மிச்சம் தையல் மட்டும். ஒரு தையல் நீளம் இரண்டரை மில்லிமீட்டர்னா 1200 தையலுக்கு 3 மீட்டர் ஓரம் அடிச்சிருப்பீங்க. டேப் வச்சு அளந்து பாத்துக்கலாம், சரியா வரும்.

குற்றாலம்_பையன்

அக்கா சூப்பர். ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன், நிமிந்து நின்னா வேகம் அதிகம்னு சொன்னதும் சில பேர் கோட்டை ஒரேயடியா செங்குத்தா தூக்கிருவாங்க. நானே அப்படிப் போட்டிருக்கேன். முழு செங்குத்துன்னா நேரமே ஆகாம இங்கருந்து அங்க போயாச்சுன்னு அர்த்தம், எந்த வண்டியாலயும் முடியாது.

பழைய_செக்ஷன்_கண்ட்ரோலர்

அம்மா, நான் ரயில்வேயில இருந்து ரிட்டயர் ஆனவன், மதுரை கோட்டத்துல கண்ட்ரோல் ஆபீஸ்ல பல வருஷம் உக்காந்தவன். உங்க பிள்ளை கேட்ட கேள்வியைப் பாத்ததும் எழுதாம இருக்க முடியல, ஏன்னா நான் சோறு தின்னதே இந்த தொலைவு–காலம் வரைபடத்தை வச்சுத்தான்.

கண்ட்ரோலர் முன்னால ஒரு பெரிய சார்ட் விரிச்சுக் கிடக்கும். இடமிருந்து வலமா நேரம், கட்டம் கட்டமா நிமிஷக் கணக்குல போகும். மேலருந்து கீழ ஸ்டேஷன் பேரு, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு படுக்கைக் கோடு. ரெண்டு கோட்டுக்கு நடுவுல உள்ள இடைவெளி நிஜ தூரத்துக்குத் தகுந்த மாதிரி இருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் போன்ல "வண்டி இத்தனை மணிக்கு வந்துச்சு, இத்தனை மணிக்குப் போச்சு"ன்னு சொல்லச் சொல்ல நாங்க புள்ளி வச்சு ஸ்கேல் போட்டு இழுப்போம், எக்ஸ்பிரஸ்ஸுக்கு ஒரு கலர், பாசஞ்சருக்கு ஒரு கலர், கூட்ஸுக்கு ஒரு கலர் பென்சில். இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்லயே கோடு விழுந்துருது, ஆனா கோடு அதே கோடுதான்.

இப்ப உங்கூரு லைனையே எடுத்துக்குவோம். செங்கோட்டை, பகவதிபுரம், அதுக்கப்புறம் ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றக்கல், எடமண், புனலூர். 1904-ல மீட்டர் கேஜா ஓட ஆரம்பிச்ச பாதை, பிராட் கேஜ் வேலை முடிஞ்சு முழுசா வண்டி ஓடுனது 2018-ல. உங்க நாத்தனார் வீட்டுப் பக்கம் 13 கண் பாலம் இருக்குல்லா, அது மேலதான் போகுது. இது ஒத்தை லைன். அங்கதான் கிராஃபோட அருமை தெரியும்.

செங்கோட்டையில இருந்து ஒரு வண்டி கிளம்புனா சார்ட்ல அதோட கோடு ஒரு பக்கமா சாயும், புனலூர்ல இருந்து வர்ற வண்டிக்கு எதிர்ப் பக்கமா சாயும். ரெண்டும் ஒரு இடத்துல எக்ஸ் மாதிரி வெட்டிக்கும். வெட்டிக்கிட்டா என்ன அர்த்தம்? ஒரே நேரத்துல ஒரே இடத்துல ரெண்டு வண்டி. ஒத்தை லைன்ல அது நடுக்காட்டுல நடந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. அதனால அந்த எக்ஸ் எப்பவும் கிராஸிங் லைன் இருக்க ஒரு ஸ்டேஷன் கோட்டு மேலதான் விழணும், நடுவுல விழவே கூடாது. எங்க வேலையே அதுதான். பிள்ளைக்கு ஒரு கணக்கு தர்றேன், செங்கோட்டைக்கும் புனலூருக்கும் சுமார் 49 கிலோமீட்டர். ஒரு வண்டி 10 மணிக்கு செங்கோட்டையை விடுது, இன்னொண்ணு பத்தரைக்கு புனலூரை விடுது, ரெண்டும் மணிக்கு 30 கிலோமீட்டர், மலைப் பாதைங்கறதால அந்த அளவுலதான் வச்சுக்கணும். எங்க சந்திக்கும்? சூத்திரம் எதுவும் வேண்டாம், கிராஃப் தாள்ல ரெண்டு கோடு இழுக்கச் சொல்லுங்க, 11 மணி 4 நிமிஷத்துக்கு செங்கோட்டையில இருந்து 32-வது கிலோமீட்டர்ல வெட்டும். அந்த இடத்துல ஸ்டேஷன் இல்லேன்னா ஒரு வண்டியை முந்துன ஸ்டேஷன்லயே நிப்பாட்டி வைக்கணும், நிப்பாட்டுனா அது கோடு அங்க படுக்கையா ஆயிரும், மத்த வண்டி தாண்டுன பொறவுதான் மறுபடி சாயும். ஜன்னல் பக்கம் உக்காந்து "ஏன்டா இந்த ஸ்டேஷன்ல இவ்வளவு நேரம் போட்டு வச்சிருக்கான்"னு கேக்குறோமே, சார்ட்ல அது ஒரு சின்ன படுக்கைக் கோடு. அந்தக் கோடு இல்லாட்டி எதிர்ல வர்றவன் உயிருக்கு உத்தரவாதம் இல்ல.

சமதளத்துல வந்த எக்ஸ்பிரஸ் கோடு நல்லா நிமிந்து வரும், பகவதிபுரம் தாண்டி மலைக்குள்ள நுழைஞ்சதும் சரிஞ்சிரும், எடமண் தாண்டுன பொறவு மறுபடி நிமிரும். கோட்டோட சாய்வைப் பாத்தே எங்க மலை இருக்குன்னு சொல்லிரலாம், ஆனா உங்க பிள்ளை நினைச்ச மாதிரி இல்ல, டீச்சரம்மா சொன்ன மாதிரி தலைகீழா. பாரீஸ்–லியோன் ரயிலுக்கெல்லாம் இதே மாதிரி போட்ட சார்ட்டை எட்டியென் மாரேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1878-லயே தன் புத்தகத்துல அச்சடிச்சிருக்காரு. அவரு உடலியல் படிச்ச மனுஷன், குதிரை ஓடுறது, பறவை பறக்கிறதுன்னு எல்லா அசைவையும் கோடா மாத்திப் பாத்தவரு.

பிள்ளை பெரியவளாகி ரயில்வே பரீட்சை எழுதட்டும்மா.

பாவூர்சத்திரம்_லோடு

நான் லாரி ஓட்டுதவன், பாவூர்சத்திரம் மார்க்கெட்ல காய்கறி ஏத்தி கொல்லம் போவேன், வாரத்துக்கு நாலு நடை உங்க எஸ் வளைவு வழியாத்தான் தாயி. கிராஃபெல்லாம் நான் படிச்சதில்ல ஆனா மேல அண்ணாச்சி எழுதுனதைப் படிச்சதும் ஒண்ணு தோணிச்சு, கேட்டுருதேன். நீங்க எல்லாரும் ஸ்கேல் வச்சுக் கோடு போடுதீங்க, சமதளத்துல ஒரு கோடு, மலையில ஒரு கோடு, நின்னா படுக்கைக் கோடு. ரெண்டு கோடும் சேர்ற இடத்துல கூரா ஒரு முனை வருதே, அப்படி எந்த வண்டியும் போகாது. லோடு வண்டியில 50-ல வந்துட்டு இருக்கும்போது கண்ணிமைக்கறதுக்குள்ள பூஜ்யம் ஆக்க முடியுமா? முடிஞ்சா தக்காளிப் பெட்டி எல்லாம் கேபினுக்குள்ள வந்துரும். பிரேக்கை மிதிச்சா 50, 40, 30ன்னு ஒண்ணொண்ணாத்தான் இறங்கும். கிளம்பும்போதும் அப்படித்தான், முதல் கியர்ல உருண்டு, செகண்டு, தேர்டுன்னு ஏறும். மழை பெய்ஞ்சா இன்னும் நீளும். அப்ப அந்த முனை வளைஞ்சுல்லா இருக்கணும்?

தென்காசி_ட்யூஷன்_அக்கா

அண்ணாச்சி, கிராஃப் படிச்சதில்லன்னு சொல்லிட்டு முடுக்கத்தை, அதான் வேகம் எவ்வளவு சீக்கிரம் மாறுதுங்கறதை, முழுசா சொல்லிட்டீங்க. நீங்க சொன்னது அப்படியே சரி. நிஜ வண்டியில முனை எல்லாம் வளைஞ்சுதான் இருக்கும், மணிக்கணக்குல போடுற சார்ட்ல ஒரு நிமிஷத்துக்குள்ள முடியற பிரேக் கண்ணுக்குத் தெரியாததால நேர்கோடா போட்டுக்கறோம், அவ்வளவுதான். எவ்வளவு மெல்ல வளையுதோ பயணிக்கு அவ்வளவு சுகம், முனை கூரா ஆக ஆக கம்பியைப் பிடிச்சு நிக்கிறவன் முன்னால போய் விழுவான்.

உங்க பிரேக்கைப் பாக்கணும்னா ரெண்டாவது கிராஃப்தான் தோது, அதுல பக்கத்துக் கோட்டுல தூரத்துக்குப் பதிலா வேகம். ஒரு டவுன் பஸ் ஸ்டாப்ல இருந்து கிளம்புது. 20 செகண்ட்ல மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் பிடிக்குது, அது செகண்டுக்கு 10 மீட்டர். அதே வேகத்துல 40 செகண்ட் ஓடுது. 10 செகண்ட்ல பிரேக் போட்டு நிக்குது. வரைஞ்சா ஒரு கூரை மாதிரி வரும், இடது பக்கம் சரிவு, நடுவுல தட்டை, வலது பக்கம் கொஞ்சம் செங்குத்தா இறக்கம். இடது முக்கோணம் 20-ல பாதி பெருக்கல் 10, 100 மீட்டர். நடுச் செவ்வகம் 40 பெருக்கல் 10, 400 மீட்டர். வலது முக்கோணம் 50 மீட்டர். ஆக மொத்தம் 550 மீட்டர், 70 செகண்ட். அந்தக் கடைசி 50 மீட்டர்தான் அண்ணாச்சி சொல்ற பிரேக் தூரம், மழையில அந்த முக்கோணம் வலது பக்கமா நீண்டுரும், பரப்பு கூடிரும், அதான் வண்டி தள்ளிப் போய் நிக்கும்.

புளியரை_தையல்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பதில் போட நாளாயிருச்சு, கல்யாண சீசன் பிளவுஸ் நிறைய கிடந்துச்சு.

டீச்சரக்கா சொன்ன மாதிரி மூணு இடத்துல பஸ்ஸுன்னு சொன்னதும் பிள்ளை விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம் அவளே ஒரு காரியம் பண்ணுனா. போன ஞாயித்துக்கிழமை அத்தை வீட்டுக்குப் போகும்போது ஜன்னல் ஓரம் உக்காந்துகிட்டு கிலோமீட்டர் கல்லு வர வர என் போன்ல நேரம் பாத்து நோட்டுல எழுதிட்டே வந்தா. செங்கோட்டை நெரிசல் தாண்டி முதல்ல கண்ட கல்லுல இருந்து ஆரம்பிச்சா. சில கல்லு செடி மூடிக் கிடந்துச்சு, தம்பிக்காரன் எட்டிப் பாத்து எட்டிப் பாத்து கத்துதான், கண்டக்டர் என்னம்மா பண்ணுதீங்கன்னு கேட்டுட்டு அவரும் சேந்துகிட்டாரு. சமதளத்துல 4 கிலோமீட்டர், ஒவ்வொண்ணுக்கும் 1 நிமிஷம் 15 செகண்ட். மலையில 3 கிலோமீட்டர், முதலாவதுக்கு இரண்டரை நிமிஷம், அடுத்த ரெண்டும் மும்மூணு நிமிஷம். அப்புறம் ஆரியங்காவு செக்போஸ்ட்ல 6 நிமிஷம் நின்னுச்சு. அது தாண்டி 2 கிலோமீட்டர், ரெவ்வெண்டு நிமிஷம். அதுக்குள்ள மழை வந்து ஷட்டரை இறக்கிட்டாங்க.

வீட்டுக்கு வந்து 2 நிமிஷத்துக்கு 1 சென்டிமீட்டர், 1 கிலோமீட்டருக்கு 1 சென்டிமீட்டர்னு வச்சு வரைஞ்சா. முதல் 4 கிலோமீட்டர் விசுக்குன்னு நிமிந்து போகுது, மலை வந்ததும் கோடு அப்படியே சரிஞ்சு படுக்குது. செக்போஸ்ட்ல 3 சென்டிமீட்டருக்கு மட்டமா ஒரு கோடு, அதை அவ பச்சைக் கலர்ல போட்டிருக்கா. கணக்கும் பண்ணுனா, 1 நிமிஷம் 15 செகண்ட்ல 1 கிலோமீட்டர்னா மணிக்கு 48, மூணு நிமிஷம்னா மணிக்கு 20. மொத்தம் 9 கிலோமீட்டர் 23 நிமிஷம் 30 செகண்ட், சராசரி மணிக்கு 23 கிட்ட வருது. "பஸ் ஓடும்போது ஒரு தடவைகூட 20-க்குக் கீழ வரல, 48 வரைக்கும் போச்சு, ஆனா சராசரி 23-தானா"ன்னு ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தா, அப்புறம் அவளே "அந்த பச்சைக் கோடும் மலையும்தான் இழுத்துருச்சு"ன்னா. ரயில்வே அண்ணாச்சி குடுத்த கணக்கும் போட்டா, 11 மணி 4 நிமிஷம் சரியா வந்துச்சு.

நான் மெஷின்ல பண்ணிப் பாத்தேன். சேலை ஓரம் அடிக்கும்போது ஒரே வேகத்துல ஓட்டிட்டு டேப் வச்சு அளந்தேன், ஒரு நிமிஷத்துக்கு ஒண்ணரை மீட்டர் கிட்ட வந்துச்சு, 2 நிமிஷத்துக்கு 3 மீட்டருக்கு ஒரு விரக்கடை கம்மி. ஆரம்பத்துல மெதுவா மிதிக்கேன்லா, அந்த ஓரத்துல செவ்வகம் கொஞ்சம் சரிஞ்சு முக்கோணமா ஆயிரும், அதுதான் அந்த விரக்கடைன்னு பிள்ளை சொல்லுதா. இத்தனை வருஷமா பெடல் மிதிக்கேன், இது என் கண்ணுக்குத் தெரிஞ்சதே இல்ல.

இப்ப புதுசா ஒரு சந்தேகம் பிள்ளைக்கு. திரும்பி வரும்போதும் எழுதுனா, கோடு கீழ இறங்கி வருது, அது சரி. ஆனா அதுக்கு வேகம் கணக்குப் போட்டா மைனஸ் வருதாம். வேகம் மைனஸ்ல இருக்குமா? மைனஸ் முடுக்கம்னா வேகம் குறையுதுன்னு அவ பிரெண்டு சொல்லியிருக்கா, அப்படித்தானா?

புனலூர்_பிஎஸ்சி

அக்கா, நான் புனலூர்ல பிஎஸ்சி பிசிக்ஸ் படிக்கேன், தாத்தா காலத்துலயே ஆரியங்காவு எஸ்டேட்டுக்கு வந்த தமிழ்க் குடும்பம் நாங்க. தங்கச்சி கேட்டது நல்ல கேள்வி, எங்க கிளாஸ்லயே பாதி பேர் இதுல தடுக்கி விழுறாங்க.

வேகம் எவ்வளவுன்னு மட்டும் சொன்னா மைனஸ் வராது, பஸ்ஸோட மீட்டர்ல முள்ளு பூஜ்யத்துக்குக் கீழ போகாது. திசைவேகம்னா எந்தப் பக்கம்னும் சேத்துச் சொல்லணும். தங்கச்சி கழுதுருட்டிப் பக்கம் போறதை பிளஸ்னு வச்சுக்கிட்டதால செங்கோட்டைப் பக்கம் வர்றது மைனஸ். அத்தை வீட்ல இருந்து வரைஞ்சிருந்தா எல்லாம் மாறியிருக்கும். மைனஸ்ங்கறது திசையோட பேரு, அவ்வளவுதான்.

பிரெண்டு சொன்னது பாதிதான் சரி. கழுதுருட்டியில நின்ன பஸ் செங்கோட்டைப் பக்கம் கிளம்புதுன்னு வைங்க. திசைவேகம் 0, மைனஸ் 5, மைனஸ் 10ன்னு போகுது. கோடு கீழ இறங்குது, அப்ப முடுக்கம் மைனஸ். ஆனா பஸ் வேகம் பிடிச்சுட்டு இருக்கு! திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறியா இருந்தா வேகம் கூடும், எதிர்க் குறியா இருந்தா குறையும். இதை ஒரு தடவை கிராஃப்ல பாத்துட்டா போதும், மனப்பாடம் பண்ணத் தேவையே இல்ல.

இன்னொரு கிராஃப் தங்கச்சிக்குச் சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது. தேங்கா விழுறது. 19.6 மீட்டர் உயரத்துல இருந்து ஒரு தேங்கா கழண்டு விழுந்தா தரைக்கு வர 2 செகண்ட், காத்து தடுக்கிறதைக் கணக்குல எடுக்கல. அந்த 2 செகண்டை நாலு அரை செகண்டா வெட்டுங்க. முதல் அரை செகண்ட்ல விழுற தூரம் 1.225 மீட்டர், அடுத்ததுல 3.675, அடுத்தது 6.125, கடைசி அரை செகண்ட்ல 8.575. முதல் தூரத்தை ஒரு பங்குன்னு வச்சா 1, 3, 5, 7. இதை கலிலியோ கண்டுபிடிச்சு 1638-ல எழுதி வச்சாரு. ஏன் ஒத்தைப்படையா வருதுன்னு வேகம்–காலம் கிராஃப்ல பாத்தா உடனே தெரியும்: கோடு பூஜ்யத்துல இருந்து நேரா ஏறுற ஒரு முக்கோணம், அதை நிமிந்த கோடு போட்டு நாலா வெட்டுங்க, முதல் துண்டுல குட்டி முக்கோணம் ஒண்ணு, ரெண்டாவது துண்டுக்குள்ள அதே சைஸ் முக்கோணம் மூணு அடங்கும், மூணாவதுல அஞ்சு, நாலாவதுல ஏழு. தாள்ல வெட்டி அடுக்கிப் பாக்கலாம், அக்காகிட்டதான் நல்ல கத்திரி இருக்கே. மொத்தப் பரப்பு, 2-ல பாதி பெருக்கல் 19.6, திரும்ப 19.6 மீட்டர். தரைக்கு வரும்போது வேகம் செகண்டுக்கு 19.6 மீட்டர், மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல. எங்க வீட்ல மரத்தடியில யாரையும் உக்கார விடமாட்டாங்க, இந்தக் கணக்கு போட்ட பொறவு நானும் உக்காருறதில்ல.

பரப்புதான் தூரம்ங்கறது கலிலியோவுக்கும் முந்துன விஷயம், 14-ம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல ஒரேம்னு ஒருத்தரு வேகத்தை நிமிந்த கோடு கோடா நிறுத்தி, அதெல்லாம் சேந்து அடைக்கிற பரப்புதான் போன தூரம்னு சொல்லிட்டாரு. அப்ப செகண்டை அளக்க நல்ல கடிகாரம்கூட கிடையாது.

போன்ல ஃபைஃபாக்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, ஜெர்மனியில ஆஹன் யுனிவர்சிட்டிக்காரங்க 2016-ல விட்டது, காசு கிடையாது. பஸ்ல போனை மடியில அசையாம பிடிச்சுக்கிட்டா பிரேக், கிளம்புறது எல்லாம் முடுக்கம் கிராஃபா அப்பவே வரும். ஆனா எங்க ரோட்டுல குலுங்குற குலுக்கும் சேந்து விழும், அதனால அந்தக் கிராஃபோட பரப்பை எடுத்து வேகம் கண்டுபிடிக்கப் பாத்தா நேரம் ஆக ஆக தப்பு கூடிக்கிட்டே போயிரும். கல்லைப் பாத்து நோட்டுல எழுதுனது அதைவிட நம்பலாம், தங்கச்சி பண்ணுனதுதான் சரியான முறை.

பாவூர்சத்திரம்_லோடு

தாயி, பாப்பாகிட்ட ஒண்ணு சொல்லுங்க. அவ போட்டது ஏறுற கிராஃப். திரும்பி வரும்போது கோட்டைவாசல்ல இருந்து எஸ் வளைவு இறங்குறதை தனியா பாக்கச் சொல்லுங்க. இறக்கம்தான, கோடு நல்லா நிமிந்து நிக்கும்னு எல்லாரும் நினைப்பாங்க, ஆனா லோடு வண்டி இறங்கும்போதும் அதே ரெண்டாவது கியர்லதான் இறங்கும், என்ஜின் பிடிச்சுக்கிட்டே வரணும், நியூட்ரல்ல விட்டா பிரேக் சூடாகிப் பிடிக்காமப் போயிரும். ஏறுற கோடும் இறங்குற கோடும் கிட்டத்தட்ட ஒரே சாய்வாத்தான் இருக்கும். பஸ்ஸுல எப்படின்னு எழுதிப் பாத்துட்டு இங்க போடச் சொல்லுங்க, எனக்கும் தெரிஞ்சுக்கணும்.

புளியரை_தையல்

அண்ணாச்சி, அவ திரும்பி வந்த நோட்டை எடுத்துப் பாத்தா. ஏறும்போது அந்த 3 கிலோமீட்டருக்கு எட்டரை நிமிஷம், இறங்கும்போது ஏழே முக்கால். நீங்க சொன்ன மாதிரிதான், ரெண்டு கோட்டுக்கும் சாய்வுல பெரிய வித்தியாசம் இல்ல. இறங்குற கோட்டை ஆரஞ்சு கலர்ல அதே தாள்ல போட்டு பீரோ கதவுல ஒட்டியிருக்கா. மழை நாள்ல ஒரு தடவை எழுதணுமாம், அடுத்த மாசம் அத்தை வீட்டுக்குப் போகும்போது குடை எடுத்துட்டு முன் சீட்ல உக்காரப் போறாளாம்.